லுக், ஸீ, வாட்ச்: மல்லிகாவுக்கு
தென்காசி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே சாரல் பிடித்துக்கொண்டது, கொடியில் போட்ட துணி காயவே மாட்டேன் என்கிறது.

நீ மாலை ஆங்கில வகுப்பை ஏற்றுக்கொண்டது ரொம்ப நல்ல காரியம். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகப்போகிற நர்ஸ் பெண்கள், இலக்கணம் தெரிந்தும் லுக், ஸீ, வாட்ச் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதில் வியப்பில்லை. நமக்கு எல்லாமே 'பார்'தான். டிவி பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோம், பொண்ணு பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், உப்பு போதுமா என்று ருசி பார்க்கிறோம்.

அவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடு: கண்ணை நீயாகத் திருப்பினாயா, தானாகக் கண்ணில் பட்டதா? திருப்பினால் லுக், பட்டால் ஸீ. திருப்பிய கண்ணை எடுக்காமல் நடப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தால் வாட்ச். 'ஐ லுக்ட், பட் ஐ டிட்ன்ட் ஸீ எனிதிங்' என்றால், 'பார்த்தேன், ஒண்ணும் தென்படல'. வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பெண் யாராவது இருந்தால் அவளுக்கு இது பாதி தெரிந்த விஷயம். 'சந்தையில அவரைக் கண்டனான்' என்று அங்கே இன்றும் பேச்சில் 'காண்' புழங்குகிறது.

சொல்லிக்கொடுப்பதைவிடச் செய்ய வைப்பது நல்லது. ஒரு டிரேயில் பத்துச் சாமான் வை: சிரிஞ்ச், பஞ்சு, கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், இப்படி. 'லுக் அட் தி டிரே' என்று சொல்லி இருபது நொடி காட்டிவிட்டுத் துணியால் மூடு. பிறகு 'வாட் டிட் யூ ஸீ?' என்று கேள். அடுத்து ஒருத்தியைக் கைகழுவிக் காட்டச் சொல். சோப்பு போட்டு முறைப்படி கழுவ 40 முதல் 60 நொடி ஆகும், அதுவரை மற்றவர்களுக்கு 'வாட்ச் ஹர்'. அங்கே 'ஸீ ஹர்' ஏன் பொருந்தாது என்று நீ விளக்கவே வேண்டியிருக்காது.

இனி அவர்கள் சறுக்கும் இடங்கள். 'என்னைப் பார்' என்பதில் நமக்கு ஐ-வேற்றுமை ஒன்றே போதும், அதனால் 'லுக் மீ' என்று வருகிறது. லுக்குக்குப் பின்னால் பெயர் வந்தால் 'அட்' வேண்டும். ஆனால் 'தேர்' வந்தால் கூடாது: 'லுக் ஓவர் தேர்'. இதே வகைத் தவறுதான் 'ஐ ஆம் சர்ச்சிங் மை பென்'. அப்படிச் சொன்னால் பேனாவுக்குள் எதையோ தேடுவதாகப் பொருள். காணாமல் போனதைத் தேடினால் 'லுக்கிங் ஃபார்' அல்லது 'சர்ச்சிங் ஃபார்'.

'ஐ ஆம் ஸீயிங் எ ராஷ்' இன்னொன்று. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும்போது ஸீக்கு இங் கிடையாது, 'ஐ கேன் ஸீ எ ராஷ்'. சந்திப்பு என்ற பொருளில் மட்டும் தாராளமாக வரும்: 'தி டாக்டர் இஸ் ஸீயிங் அனதர் பேஷண்ட்'. 'ஷீ இஸ் ஸீயிங் சம்ஒன்' என்றால் காதல் விவகாரம் என்பதையும் சொல்லிவை, பெண்கள் சங்கடப்பட வேண்டாம். நம் ஊரில் 'டாக்டரிடம் கையைக் காட்டினேன்' என்பதை அப்படியே 'ஷோ' போட்டுப் பேசுகிறோம். அங்கே 'ஐ ஸா தி டாக்டர் அபௌட் மை ஹேண்ட்' என்பார்கள்.

'சோர்வாகத் தெரிகிறார்' என்பதில் உள்ள 'ஆக' நம்மை ஏமாற்றும். அதைப் பார்த்து 'லி' சேர்த்து 'ஹீ லுக்ஸ் டயர்ட்லி' என்கிறார்கள். லுக்குக்குப் பின் பெயரடை வெறுமனே நிற்கும்: 'லுக்ஸ் டயர்ட்', 'லுக்ஸ் பேல்'. இந்தப் பொருளில் பெயர்ச்சொல் வந்தால் 'அட்' இல்லை, 'லைக்' சேர்க்கவேண்டும்: 'இட் லுக்ஸ் லைக் அன் இன்ஃபெக்‌ஷன்'.

நீ அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நோயாளி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார், அறிக்கை எழுத வேண்டும். 'ஐ ஸா ஹிம் ஃபால்' என்றால் விழுந்தது முழுவதையும் கண்டேன் என்று பொருள். 'ஐ ஸா ஹிம் ஃபாலிங்' என்றால் விழுந்துகொண்டிருக்கும்போது கண்ணில் பட்டது. தரையில் கிடந்ததை மட்டும் பார்த்திருந்தால் 'ஐ ஃபவுண்ட் ஹிம் லையிங் ஆன் தி ஃப்ளோர்' என்றுதான் எழுதவேண்டும். விழும்போது தலை அடிபட்டதா என்பதைக் கண்ணால் கண்டவர் இல்லை என்ற செய்தி அந்த ஒரு வினையில் இருக்கிறது. அதைக் கொண்டுதான் டாக்டர் மேற்கொண்டு என்ன சோதனை என்று யோசிப்பார். இதைத் தேர்வுக்கான பாடமாக நினைக்காமல் திரும்பத் திரும்ப எழுத வை.

மற்றச் சொற்களில் கிளான்ஸ், கிளிம்ப்ஸ் இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடு. கிளான்ஸ் நாமாக ஒரு பார்வை வீசுவது, கிளிம்ப்ஸ் கண நேரம் கண்ணில் பட்டு மறைவது. லுக்குக்கும் ஸீக்கும் உள்ள அதே வேறுபாடு. ஸ்டேர் மரியாதைக்குறைவு, கிளேர் கோபம், பியர் (peer) என்பது கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்ப்பது. வார்டில் நோட்டிஸ், அப்ஸர்வ், மானிட்டர் மூன்றும் ஓயாமல் வரும். 'ஹாவ் யூ டன் தி ஆப்ஸ்?' என்று சீனியர் கேட்டால், காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு எல்லாம் எடுத்தாயிற்றா என்று கேள்வி. 'வாட்ச் ஃபார் ஸ்வெல்லிங்' என்றால் வீக்கம் வருகிறதா என்று விழிப்பாக இருக்கவேண்டும். 'கீப் அன் ஐ ஆன் ஹிம்' என்றால் பக்கத்திலேயே உட்கார வேண்டாம், அவ்வப்போது ஒரு கண் வைத்தால் போதும்.

ஓவர்ஸீ என்றால் மேற்பார்வை. ஓவர்லுக் என்றால் கவனிக்காமல் விடுவது. 'ஐ ஓவர்லுக்ட் தி மெடிக்கேஷன்' என்று ஒருத்தி பெருமையாகச் சொல்லிவிட்டால் வேலைக்கே ஆபத்து. மருந்துச் சீட்டை ஒருமுறை சரிபார்த்தேன் என்பதற்கு 'லுக்ட் ஓவர்', அல்லது வெறும் 'செக்ட்'.

நோயாளியிடம் பேச 'ஷோ மீ யுவர் ஆர்ம்' வேண்டாம், அதிகாரமாக ஒலிக்கும். 'கேன் ஐ ஹாவ் எ லுக் அட் யுவர் ஆர்ம்?' என்று கேட்கப் பழக்கு. புண்ணோடு படுத்திருக்கிறவருக்கு அந்தத் தொனியே பாதி ஆறுதல்.

அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் உனக்கு எழுதினால், வார்டில் காதில் விழுந்த வாக்கியங்களை அப்படியே குறித்து அனுப்பச் சொல். எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. அடுத்த கடிதத்தில் 'சொல்' என்பதற்கு சே, டெல், ஸ்பீக், டாக் என்று அவர்கள் படும் பாட்டை எழுதுகிறேன்.

அன்புடன்,
ஜெயந்தி