திரும்பிப் பார்க்க வேண்டாமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு வரி: 'ரவுட்டரில் என்டிபி சர்வர் முகவரியை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், பிறகு நேரத்தைத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.' (என்டிபி என்பது கருவிகள் நெட்வொர்க் வழியாக ஒரு சர்வரிடம் சரியான மணி கேட்டுக்கொள்ளும் முறை.) எழுதியவர் கொடுத்துவைத்தவர்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பதினோரு சீசன் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன் நான். ஒரு ஜூன் மாதம் இரண்டு டிரம் கூழ் காணாமல் போனது. கேமராவில் 9.50க்கு வெளியே போகிறது. பத்து மணிவரை கேட்டில் இருந்தது வாட்ச்மேன் அண்ணன். "நான் இருந்தவரைக்கும் எதுவும் போகல சார்" என்றார். படம் பொய் சொல்லுமா என்றார் முதலாளி.

படம் சொல்லவில்லை, மணி சொன்னது. அதே இரவு எங்கள் லாரிக்குச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பணம் பிடித்த குறுஞ்செய்தி, கேமராவில் வண்டி கேட்டைத் தாண்டிய நேரத்துக்கு 50 நிமிடம் தள்ளி வந்திருந்தது. சாவடிக்குப் பத்து நிமிட ஓட்டம்தான். 'கியூவாக இருக்கும்' என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார்கள்.

கேமரா ரெக்கார்டர் ரவுட்டரைத்தான் மணி கேட்கும். ரவுட்டரைப் பார்த்தால் 'சிங்க்ரனைஸ்டு', அதாவது மணி ஒத்துப்போயிற்று, என்று ஜம்மென்று காட்டியது! கட்டுரையாளர் அதோடு எழுந்துபோயிருப்பார். ரவுட்டர் யாரிடம் மணி கேட்கிறது என்று பட்டியல் காட்டும் 'ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்' கட்டளையை அடித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இப்போது யாருடைய மணியைப் பின்பற்றுகிறது என்று காட்டும் நட்சத்திரக் குறி, ரவுட்டரின் சொந்தக் கடிகாரத்தைக் குறிக்கும் 127.127.1.1க்கு நேரே. அதாவது ரவுட்டர் தன்னிடமே மணி கேட்டுத் தானே தலையாட்டிக்கொண்டிருக்கிறது. வெளி சர்வருக்கு நேரே 'ரீச்' பூஜ்யம். கடைசி எட்டு முறையும் பதில் வந்திருந்தால் அங்கே 377 இருக்கும். ஃபயர்வாலில் என்டிபி போய்வரும் வழியான யூடிபி 123 அடைபட்டிருந்தது. கரண்ட் போய்வந்த ஒருநாள் யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், 40 நிமிடம் குறைவாக. டிரம் போனது 10.30க்கு.

நான் கண்டுபிடிப்பதற்குள் அண்ணன் பாக்கிச் சம்பளம்கூட வாங்காமல் ஓசூர் போய்விட்டார்.

நெட்வொர்க்கில் உள்ள கருவிகளெல்லாம் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும், கருவிகளில் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் உத்தரவே போட்டது தங்களுக்குத் தெரியாததல்ல. மணி தப்பான லாக்கை 180 நாள் வைத்து ஊறுகாயா போடுவது?

உங்களுக்கும் தேதிக்கும் ஆகாது போலிருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். போன மாதம்கூட 'தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி' என்று அச்சிட்டீர்கள். அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதியது வெளிவரவில்லை. அதற்கு முன் பேருந்து நேர அட்டவணை பற்றி எழுதியது நான்கு வரியாகச் சுருங்கி, என் ஊர்ப் பெயர் பிழையோடு வந்தது. பரவாயில்லை, இடப்பற்றாக்குறை இருக்கும். ஞாயிறு இணைப்பில் ராசிபலனுக்கு முழுப் பக்கம் வேண்டுமே.

வரும் ஞாயிறு இரண்டு வரி திருத்தம் போடுங்கள்: முகவரி கொடுத்தால் மட்டும் போதாது, நட்சத்திரம் எந்த வரியில் நிற்கிறது, ரீச் 377தானா என்று வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தையும் வெட்டுவதானால் என்னைப் பற்றியதை வெட்டுங்கள், அந்த 377ஐ விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கிருஷ்ணகிரி (மாவட்டமும் அதுவே)