கூடைப்பந்து ஆதரவாளர் சங்கத்தின் செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அம்மா அவர்களே, செயற்குழு நண்பர்களே, இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு காலாண்டுக்கு ஒருமுறை கூடியது. சுதந்திர தினத்தன்று கல்லூரி மைதானத்தில் கொடியேற்றத்தில் கலந்துகொண்டோம். ஆயுத பூஜைக்குப் பந்துகளுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை வழங்கினோம். பொங்கலையொட்டி முன்னாள் மாணவியருக்கும் இந்நாள் மாணவியருக்கும் காட்சி ஆட்டம் நடந்தது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி அணியைப் பற்றி. நம் கல்லூரி மகளிர் அணிக்கு இப்படி ஒரு பருவம் இதற்கு முன் வாய்த்ததாக எனக்கு நினைவில்லை. 5 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் கடைசி நிமிடம் வரை யார் பக்கம் என்று தெரியாத ஆட்டங்கள். கூடப் போனவர்களுக்குத் தெரியும், நான்காவது கால் பகுதியில் உட்கார்ந்து பார்க்கவே முடியாது.

வாணியம்பாடியில் நடந்த முதல் ஆட்டத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். ஆட்டம் முடிய 30 விநாடி இருக்கும்போது நாம் 52–51 என முன்னிலையில் இருந்தோம். பந்தும் நம் கையில். பிள்ளைகள் பந்தை மாற்றி மாற்றிப் பிடித்து நேரத்தைக் கடத்தினார்கள். நம் ஊர் மைதானத்தில் அப்படித்தான் பழக்கம். ஆனால் ஒரு அணி பந்தைக் கையில் எடுத்தால் 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி. அந்த 24 விநாடியை எண்ணிக் காட்டும் ஷாட் கிளாக் அங்கே இருந்தது. நம் பிள்ளைகள் ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ்ஸர் அடித்தது, பந்து எதிரணிக்குப் போனது. மீதி 6 விநாடி. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 53–52. திரும்பி வரும்போது வண்டி ஆம்பூரைத் தாண்டியது, பிரியாணிக்கு நிறுத்தலாமா என்று டிரைவர் கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிகாரமே இல்லாத மைதானத்தில் வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்தவர்களுக்குக் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? பயிற்சியில் உடற்கல்வி இயக்குநர் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்து வாயால் எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணிக்கொண்டே ஆட்டத்தையும் கவனிக்க எவராலும் முடியாது. அந்த வாரமே நம் மைதானத்துக்கு ஷாட் கிளாக் வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழுவில் வைத்தேன்.

அதற்கு வந்த எதிர்ப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பணத்தில் புதுப் பனியன் எடுக்கலாம், ஷூ வாங்கித் தரலாம், உள்ளூர் மைதானத்துக்கு எதற்கு இவ்வளவு ஆடம்பரம் என்றெல்லாம் கேட்டார்கள். அன்று அவசரத்தில் முழுதாகச் சொல்ல முடியாததை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

இந்தக் கடிகாரம் ஆடம்பரத்துக்காக வந்ததல்ல. 1950 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19–18 என்ற கணக்கில் வென்றது. முழு ஆட்டத்தின் ஸ்கோரே அவ்வளவுதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமலேயே இருந்தார்கள். இப்படியே போனால் பார்க்க ஆளே வராது என்ற நிலைமை வந்தது. சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பையாசோன் ஒரு கணக்குப் போட்டார். 48 நிமிட ஆட்டம் என்றால் 2,880 விநாடி. நல்ல ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஏறக்குறைய 120 முறை எறிகின்றன. வகுத்தால் 24. 1954இல் அந்த விதி நடைமுறைக்கு வந்தது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா 1956இல் 30 விநாடி என்று வைத்து, 2000இல் 24க்கு மாறியது. கூடைப்பந்து பார்க்கத் தகுந்த ஆட்டமாக இருப்பதற்கே இந்தக் கடிகாரம்தான் காரணம். பனியன் பழசாக இருந்தாலும் ஆடலாம். கடைசி நிமிடத்தில் நேரம் தெரியாமல் ஆட முடியாது.

கடையில் விலை கேட்டபோது நமக்குக் கட்டுபடியாகவில்லை. அப்புறம் சத்துவாச்சாரியில் எல்.இ.டி. பலகை செய்யும் தம்பி ஒருவரைப் பிடித்தோம். அவர் கூடைப்பந்து ஆட்டமே பார்த்ததில்லை. மேஜையில் இருப்பவர் கையில் ஒரு பெட்டி, அதில் 24க்கு ஒரு பொத்தான், 14க்கு ஒரு பொத்தான், ஓட விடவும் நிறுத்தவும் ஒன்று என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து விளக்கினேன். 14 எதற்கு என்று கேட்டார். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி, எறிந்த அணியே ரீபவுண்ட் எடுத்தால் முழு 24 கிடையாது, 14தான் என்று சொன்னேன். அதையும் சரியாகச் செய்து கொடுத்தார். இரண்டு பக்கமும் வளையம் மாட்டிய போர்டுகளுக்கு மேலே எல்.இ.டி. பலகை ஏற்றி, கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்தோம். மழையில் நனையாமல் மேலே தகரக் கூரையும் போட்டாயிற்று. இடையில் மழையும் செமஸ்டர் தேர்வும் வந்து பல்கலைக்கழக ஆட்டங்கள் தள்ளிப்போனதால் பிள்ளைகளுக்குக் கடிகாரத்தோடு பயிற்சி எடுக்க நல்ல அவகாசம் கிடைத்தது.

பலன் திருவண்ணாமலையில் தெரிந்தது. அங்கேயும் கடைசியில் 47–46, நாம்தான் முன்னிலை. 38 விநாடி மீதி, பந்து நம்மிடம். குடியாத்தத்திலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவி, 7ஆம் எண் பனியன், பந்தைத் தட்டிக்கொண்டே இரண்டு முறை கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். 22 விநாடி ஓடவிட்டு எறிந்தது. விழவில்லை, வளையத்தில் பட்டது. வளையத்துக்கு அருகில் நின்று ஆடும் நம் சென்டர் ரீபவுண்ட் எடுத்துக் கொடுக்க, கடிகாரம் 14க்கு வந்தது, ஆட்டத்தில் மீதியும் ஏறக்குறைய அவ்வளவுதான். எதிரணிக்கு ஃபவுல் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அது அந்தக் கால் பகுதியில் அவர்கள் அணியின் ஐந்தாவது ஃபவுல், அதனால் நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு. ஒன்று விழுந்தது. 48–46. வாணியம்பாடியில் தோற்ற அதே பிள்ளைகள், அதே மாதிரி ஒரு கடைசி நிமிடம். ஆயுத பூஜையில் பொட்டு வைத்ததால் ஜெயித்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அரையிறுதி நம் வேலூரிலேயே நடந்தது. அதைப் பற்றி எழுதும்போது இன்னும் வருத்தமாக இருக்கிறது. 55–55 எனச் சமநிலை, அப்புறம் 5 நிமிடக் கூடுதல் நேரம். அதற்குள் நம் சென்டரும் 7ஆம் எண்ணும் ஆளுக்கு ஐந்து ஃபவுல் ஆகி, விதிப்படி வெளியே வந்துவிட்டார்கள். 60–63 எனத் தோற்றோம். மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அழுது வீங்கிய கண்ணோடு வந்து 49–48 என ஜெயித்தார்கள். அதுபோன்ற பிள்ளைகளை நான் பார்த்ததில்லை.

வருத்தம் தோல்விக்காக மட்டும் இல்லை. எதிரணிக்கு வெளியூரிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் மேளத்தோடு வந்திருந்தார்கள். நம் சொந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை, மாலை நேரம், நம் சங்கத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பெஞ்சுக்குள் அடங்கிவிட்டார்கள். காட்பாடியிலிருந்தும் தோட்டப்பாளையத்திலிருந்தும் வர எவ்வளவு நேரம் ஆகும்? வாட்ஸ்அப் குழுவில் 'வாழ்த்துகள்' என்று அனுப்பியவர்கள் நிறைய. அந்தச் செய்தி ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும் பிள்ளைக்குக் கேட்காது. கூடுதல் நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த 7ஆம் எண் திரும்பித் திரும்பி கேலரியைப் பார்த்ததை வராதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சந்தா விஷயம். ஆண்டுக்கு 500 ரூபாய். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த ஆண்டு கட்டவில்லை. சிலருக்கு மூன்று ஆண்டுகளாக பாக்கி. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, அவரவர் பெயர் அவரவருக்குத் தெரியும். வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டும் 'அடுத்த வாரம்' என்று சொன்னவர்கள் இன்றைக்கு வந்திருந்தால், தயவுசெய்து அதை நினைவில் கொள்ளுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் சந்தா, நன்கொடை, காட்சி ஆட்ட நுழைவுச்சீட்டு ஆகியவை வரவு. வண்டி வாடகை, பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, கடிகாரம் ஆகியவை செலவு. கடிகாரத்துக்கான ஒரு பகுதியைத் தற்சமயம் சிலர் கைப்பணமாகப் போட்டிருக்கிறோம். அது கணக்கில் கடனாக இருக்கிறது. மற்றபடி கையிருப்பு திருப்திகரம். தணிக்கை முடிந்துவிட்டது.

மைதானத்தைத் தந்து உதவிய கல்லூரி நிர்வாகத்துக்கும், உடற்கல்வி இயக்குநர் மேடத்துக்கும், வண்டி ஓட்டிய அண்ணனுக்கும், திருவண்ணாமலையில் ஜெயித்த மகிழ்ச்சியில் திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்துக் காத்திருந்த துணைத்தலைவர் அம்மாவுக்கும், பத்திரிகை நண்பர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு. இறுதியாண்டு மாணவிகள் நான்கு பேர் போகிறார்கள், சென்டரும் அதில் ஒருவர். 7ஆம் எண் இருக்கும். குடியாத்தம் பஸ்ஸைப் பிடிக்க அது பயிற்சியைப் பாதியில் விட்டுப் போக வேண்டியிருக்கிறது. மாலையில் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட, வண்டி வைத்திருக்கும் பெண் உறுப்பினர் யாராவது முன்வந்தால் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். கடிகாரத்தை இயக்கவும் ஆள் வேண்டும். பயிற்சி நாட்களில் மாலை 5 முதல் 7 வரை மேஜையில் உட்கார வேண்டும், இப்போது மாறி மாறி மூன்று பேர்தான் உட்காருகிறோம். பொத்தான்களைப் பழக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. செயலாளர் பொறுப்பில் நான் தொடர வேண்டுமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் கடிகாரம் ஓட வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். கடிகாரத்துக்கு யார் எந்த நாள் என்று எழுதும் முறை நோட்டும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசலில் பொருளாளர் மேஜையில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும் முன் இரண்டிலும் பெயர் எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்