சூரியன் படம் போதாது, காற்றையும் போடுங்கள்

ஆசிரியருக்கு,

வார இறுதி வானிலைப் பகுதியில் வெப்பநிலையும் ஒரு சூரியன் படமும்தான் வருகின்றன. குளிர் விட்டதும் சிறு படகை இறக்கித் தூண்டில் போடக் கிளம்புகிறவர்களை அந்தப் படம் ஏமாற்றிவிடும். காற்றின் திசை, வேகம், இடையிடையே அடிக்கும் வீச்சின் வேகம் ஆகியவற்றை மூன்று மணிக்கொரு தடவை வீதம் ஒரே வரியில் போட்டால் போதும்.

இளவேனிலில் வெயிலுக்கு நிலம் சட்டென்று சூடாகும். தண்ணீர் வாரக்கணக்கில் பின்தங்கும். அதனால் நன்றாக வெயில் காய்கிற நாளில்தான் முற்பகலில் கடற்காற்று கிளம்பிப் பிற்பகலில் வலுக்கிறது. பெரிய ஏரிகளிலும் இப்படித்தான். மீன் கடிப்பதும் அதே நேரத்தில் என்பதுதான் சங்கடம். அடி கறுத்த ஆழமற்ற குடாக்கள் முதலில் சூடேறுவதால், குளிரில் மந்தமாகக் கிடந்த மீன் மதியத்துக்குமேல் அங்கே இரை தேட வரும். ஆகவே திறந்த நீரைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, மதியத்துக்குப் படகுத்துறைக்கு அருகில் காற்று மறைவான குடா ஒன்றுக்கு வந்துவிடுவது நல்லது. இரையை மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டுச் சுற்றினால் குளிர்ந்த மீன் துரத்தாது.

காற்று மணிக்கு 15 கி.மீ.யிலிருந்து 30 கி.மீ. ஆனால் படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 5 மீட்டருக்கு உட்பட்ட திறந்த படகுக்கு மணிக்கு 20 கி.மீ. காற்றே எல்லை என்பது என் கணக்கு. முன்கணிப்பில் சொல்லும் அலை உயரம், அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான். அரை மீட்டர் என்று போட்டிருந்தாலும் இடையில் ஒரு மீட்டரை நெருங்கும் அலை வரும். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்தால் அலை குறுகிச் செங்குத்தாகி உள்ளே விழும்.

கரையிலிருந்து வெளியே வீசும் காற்றுதான் மிகவும் மோசமானது. கரையோரம் தண்ணீர் அசையாது. இயந்திரம் நின்று, காற்று படகைக் கரையைவிட்டுத் தள்ளும்போதுதான் விஷயம் புரியும். முடிந்தவரை போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது உதவும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, மிச்சம் ஒரு பங்கு கையிருப்பு.

குளிர்காலம் முழுவதும் கிடந்த பெட்ரோலை நம்பாதீர்கள். துறையில் இயந்திரம் ஒழுங்காக ஓடும். அலையில் தொட்டி குலுங்கியதும் அடியில் தேங்கிய தண்ணீரும் கசடும் வடிகட்டிக்கு ஏறி மூச்சை நிறுத்திவிடும். புது எரிபொருள், புது வடிகட்டி. ஓய்வில் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான். இயந்திரத்தின் பக்கவாட்டில் குளிர்விக்கும் நீர் பீய்ச்சவில்லையென்றால் உடனே அணையுங்கள். படகின் அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் தக்கையைப் பூட்டாமல் படகை இறக்குபவர்களும் உண்டு!

நங்கூரம் முன்பக்கத்திலிருந்து மட்டுமே. ஆழம் 5 மீட்டர் என்றால் கயிறு 25 முதல் 35 மீட்டர் விட வேண்டும். பின்பக்கம் கட்டினால், இயந்திரத்தின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பக்கம் அலையைத் தாங்காது.

லைஃப் ஜாக்கெட்டைப் பெட்டியில் வைத்திருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் நிமிடம் மூச்சுத் திணறும், பத்து நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. பிறகு அதை மாட்டவே முடியாது. ஈரக்காற்று குளிர்ந்த நீர்மேல் வந்தால் மூடுபனி இறங்கும் என்பதால் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும். இடி காதில் விழுந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வாருங்கள்.

இன்னொன்று: அச்சாகும் முன்கணிப்பு எத்தனை மணிக்கு வெளியானது என்பதையும் கீழே போடுங்கள். முந்தைய மாலைக் கணக்கு என்று தெரிந்தால், படகை இறக்குமுன் புதிதாக வந்ததை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தூண்டில் பழகிய ஒரு வாசகர்