அக்கா ஏன் பந்திக்கு எழுந்து போகவில்லை

அன்புத் தோழிக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா? உன் மூட்டுவலிக்கு அந்த எண்ணெய் கேட்கிறதா இல்லையா? மூன்று தடவை கேட்டும் நீ பதில் எழுதவில்லை, இந்தத் தடவையாவது எழுது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குடியாத்தத்து மாமா, அக்கா வீட்டுக்காரர், இறந்துவிட்டார். அவரேதான். அக்கா கல்யாணத்தில் அவர் சட்டையைப் பார்த்து நீ வைத்த பேரை இப்போது எழுத மனசு வரவில்லை.

அவர் வீட்டை விட்டுப் போனபோது அக்காவின் வளையலும் சீட்டுப் பணமும் கூடவே போனது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் பிள்ளைகளை எப்படி வளர்த்தாள் என்று நீயும் கண்ணால் பார்த்தாய். இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைப்பாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து பீடி சுற்றுவாள். முனையை மடக்கி மடக்கி ஆள்காட்டி விரல் நகம் தேய்ந்தே போய்விட்டது. இன்றைக்கும் அந்த நகம் சரியாக வளர்வதில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி இல்லாத வருஷம் உண்டு. ஆனால் ஒரு ஞாயிறுகூட அவள் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை.

மாமா கடைசியில் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார். ஈரல் போய்விட்டது. யாரோ சொல்லி எங்கள் சபைப் போதகர் ஐயர் போய்ப் பார்த்தார். மாமா அழுதாராம், பாவத்தை அறிக்கை பண்ணினாராம், ராப்போஜனம் வாங்கினாராம். கொஞ்ச நாளில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். நான் பார்க்கப் போனபோது முகம் நிஜமாகவே தெளிந்திருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். அவருக்குக் கிருபை கிடைத்தது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சாயங்காலம் வேலைக்கு வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுக்கிற எஜமான் ஆண்டவர். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று அவர் கேட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

அடக்கத்தில், இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் மன்னிப்புப் பெற்ற கள்ளனை வைத்துப் பிரசங்கம் நடந்தது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." ஜனங்கள் அழுதார்கள். அக்கா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து ஆரம்பித்தது பார், சொந்தக்காரர்கள் படையெடுப்பு. நாத்தனார், சம்பந்தி, பெண்கள் ஐக்கியத்திலிருந்து நாலு பேர். எல்லோருக்கும் ஒரே பேச்சு: "ஆண்டவரே மன்னிச்சிட்டார், நீ மன்னிக்கக் கூடாதா? நீ மன்னிக்கலைன்னா உனக்கும் மன்னிப்பு கிடையாதே." மத்தேயு ஆறாம் அதிகாரத்தைக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள் ஒருத்தி.

எல்லோரும் போனபிறகு அக்கா என்னிடம் கேட்டாள்: "அவர் ஆண்டவர்கிட்ட கேட்டார், சரி. எங்கிட்ட கேட்டாரா? போன் தலைமாட்டுலயே இருந்துச்சே."

தோழி, இதற்கு நான் என்ன பதில் சொல்வது? கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த அந்த போனை நானும் பார்த்தேன். கள்ளனுடைய கையில் ஆணி அடித்திருந்தது. திருடினதைத் திருப்பிக் கொடுக்க அவனால் முடியாது, அவனை மன்னித்த ஆண்டவருக்கு அது தெரியும். மாமாவின் கையில் டிரிப்ஸ் ஊசிதான் இருந்தது. அக்கா இருக்கிற குடியாத்தம் ஒன்றரை மணி நேர பஸ் தூரம். கிருபை கிடைத்தபோது வரி வசூலித்த சகேயு என்ன செய்தான்? அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். இரட்சிப்பை வாங்குவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை, அது வீட்டுக்குள் வந்துவிட்டதால் சொன்னான். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றவரும் இயேசுதானே! போகச்சொன்னது குறை செய்தவனை. குறைபட்டவள் வீட்டுக்குக் கும்பலாகப் போகச் சொல்லவில்லை.

ராஜா தன் கடனை விட்டுக்கொடுத்த பிறகும், தனக்குக் கடன்பட்டவனை விடாமல் நெருக்கிய ஊழியக்காரன் உவமையையும் அக்காவிடம் எடுத்துவந்தார்கள். அதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் ராஜா விட்டுக்கொடுத்த 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. எந்த ஜென்மத்திலும் அடைக்க முடியாது. இதை எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அடுத்தவன் தரவேண்டிய நூறு வெள்ளிப்பணத்தை மட்டும் சில்லறை மாதிரி பேசுகிறார்கள். நூறு நாள் கூலி என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு வீட்டு அடுப்பு. பீடி சுற்றுகிறவளிடம் போய் அதைச் சில்லறை என்று சொல்ல முடியுமா? இயேசு அதைச் சின்னக் கடன் என்று எங்கேயும் சொல்லவில்லை. அப்புறம், அந்த நூறு பணக் கடன்காரன் காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும் என்று கேட்கிறான். மாமா கேட்கவே இல்லை.

ஹாஸ்டலில் நாம் இரண்டு பேரும் ராத்திரி ராத்திரியாகச் சண்டை போட்டது ஞாபகமிருக்கிறதா? நீ கத்தோலிக்க ஆர்.சி., நான் தென்னிந்தியத் திருச்சபை, சி.எஸ்.ஐ. இரட்சிப்பு கிருபையாலா, நம் நற்கிரியையாலா! வார்டன் வந்து விளக்கை அணைத்தாலும் கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபு நிருபத்தை இருட்டில் ஒப்பிப்பாய். நம் சண்டையைப் பெரியவர்களே தீர்த்துவைத்துவிட்டார்கள் தெரியுமோ? 1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள்: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. 2017-இல் விட்டன்பர்க்கில் சீர்திருத்த சபைகளும் அதில் சேர்ந்துகொண்டன. ஆனால் உங்கள் பக்கத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு பரிகாரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். திருடினதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பேரைச் சரிபண்ணு என்று உங்கள் சாமியார் சொல்லியிருப்பார் இல்லையா? எங்கள் ஐயரும் ஒரு வார்த்தை, "உங்க சம்சாரத்துக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷர்தான், ராத்திரி நேரம் பார்க்காமல் ஓடி வருகிறவர். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

எனக்குக் கொதிக்கிற விஷயம் இதுதான். மாமாவுக்குக் கிருபை இலவசம் என்கிறார்கள், அக்காவுக்கு மட்டும் அதற்கு விலை வைக்கிறார்கள். நீ மன்னித்தால்தான் உனக்கு என்று அவளை நெருக்கினால், மன்னிப்பதும் ஒரு கிரியை ஆகிவிடாதா? நம் ஊருக்கு 1853-இல் ஆற்காடு மிஷனைக் கொண்டுவந்தது அமெரிக்கச் சீர்திருத்த சபை. விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்கிற அவர்களுடைய ஹைடல்பர்க் வினாவிடை 1563-இல் எழுதப்பட்டது. முதலில் மனுஷனுடைய அவலம், அடுத்து விடுதலை, அதற்கப்புறம்தான் நன்றி. பத்துக் கட்டளைகளையே அந்த மூன்றாவது பகுதியில், நன்றியின் கீழ்தான் வைத்திருக்கிறார்கள். அக்காவின் மன்னிப்பும் அங்கேதான் வரவேண்டும். வரும் என்றே நம்புகிறேன். அவளுடைய நேரத்தில் வரட்டும். ராஜாகூட முதலில் கடனை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஊழியக்காரனைக் கேள்வி கேட்டார்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் குடியாத்தம் போயிருந்தேன். ராப்போஜனம் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறு. வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து போனார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. அவளைத் தாண்டிப் போகிறவர்களுக்காக முழங்காலை ஒதுக்கிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்ததிலிருந்து அப்படித்தானாம். வெளியே வந்தபிறகு கேட்டேன். "மனசுல இதை வெச்சிக்கிட்டு எப்படி அந்த அப்பத்தைத் தொடுறது? அபாத்திரமா வாங்குறதாயிடும்" என்கிறாள்.

குறை செய்தவர் படுக்கையிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார். குறைபட்டவள் தன்னைத்தானே தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தகுதி இருக்கிறவர்களுக்கு என்று வைத்த பந்தி இல்லையே அது! யூதாசும் பேதுருவும் உட்கார்ந்த பந்தி. கோபத்தோடேயே வா, அதையும் அங்கேயே கொண்டுவா என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். நான் தங்கச்சி, என் பேச்சு அவளுக்குச் சின்னப்பிள்ளைப் பேச்சு.

உன் பேச்சு வேறு. அந்த வருஷம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிவிட்டு யாரிடமும் மூச்சு விடாதவள் நீ. அதனால் அவளுக்கு ஒரு கடிதம் எழுது. போன் வேண்டாம், போனில் "சரி சரி" என்று வைத்துவிடுவாள். வசனம் எதுவும் எழுதாதே, நிறைய வாங்கிவிட்டாள். மாமாவை மன்னி என்றும் எழுதாதே. உனக்கு நடந்தது அநியாயம் என்று மட்டும் முதல் வரியில் எழுது. இத்தனை பேரில் ஒருத்தரும் அதை அவளிடம் சொல்லவில்லை. முடிந்தால் அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன்னால் அனுப்பிவிடு. விலாசம் அதேதான், வீட்டு எண் மட்டும் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடு, தபால்காரர் புதுசு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி