பிளிங்கோவின் நடுக்குழிக்குப் புது விலை வையுங்கள்

'தி பிரைஸ் இஸ் ரைட்' தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பகல் நிகழ்ச்சியில் பிளிங்கோ பலகையின் நடுக்குழிக்கு 1998-ல் 10,000 டாலர் என்று வைத்தீர்கள். அதை 20,000 ஆக்குங்கள். ஓரக் குழிகளில் இருக்கும் 100, 500, 1,000 எல்லாம் 1983-ல் எழுதிய எண்கள். அவற்றையும் மாற்றுங்கள்.

திறந்த மடல் என்பதால், நிகழ்ச்சியைப் பார்த்திராத தமிழ் வாசகர்களுக்காக ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொருட்களின் விலையை ஊகித்துப் பரிசு வெல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இது, பிளிங்கோ அதில் வரும் பல ஆட்டங்களில் ஒன்று. போட்டியாளர் கையில் முதலில் ஒரு சில்லு இலவசமாக வரும். அப்புறம் நான்கு சின்னப் பொருட்களைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஈரிலக்க விலை ஒன்று எழுதியிருக்கும், அதில் ஓர் இலக்கம்தான் சரி. முதல் இலக்கமா, இரண்டாவதா என்று சரியாகச் சொன்னால் அந்தப் பொருளும் கிடைக்கும், இன்னொரு சில்லும் கிடைக்கும். ஆக அதிகபட்சம் ஐந்து சில்லுகள். அவற்றோடு படியேறிப்போய், வரிசை வரிசையாக முளைகள் அடித்த அந்தப் பெரிய பலகையின் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக விட வேண்டும். கீழே ஒன்பது குழிகள்: 100, 500, 1,000, பூச்சியம், நடுவில் பெரிய தொகை, மறுபடி பூச்சியம், 1,000, 500, 100.

பெரிய தொகைக்கு இரண்டு பக்கமும் பூச்சியத்தை வைத்தார்களே, அதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. சில்லு கடைசி வரிசைக்கு வந்து நடுக்குழிக்கும் பூச்சியத்துக்கும் இடையில் தடுமாறும் அந்த அரை நொடியில் அரங்கமே எழுந்து நிற்கும். இதை உருவாக்கியவர் உங்கள் நிகழ்ச்சியின் தயாரிப்பாளராக இருந்த ஃபிராங்க் வெய்ன். 1972 செப்டம்பர் 4 அன்று தொகுப்பாளர் பாப் பார்க்கருடன் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சிக்கு அப்போது பத்து வயது தாண்டியிருந்தது. 1983 ஜனவரி 3 அன்று பிளிங்கோ முதன்முதலில் வந்தது. அன்று நடுக்குழியில் 5,000 டாலர். ஐந்து சில்லும் அங்கேயே விழுந்தால் 25,000.

அந்த 5,000 அன்று எவ்வளவு பெரிய தொகை என்பதை இன்றைய பார்வையாளர்கள் யோசிப்பதில்லை. செவர்லே செவெட் மாதிரியான ஒரு சின்னப் புதுக் காரின் விலையே அப்போது ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு சில்லு நடுவில் விழுந்தால் ஒரு கார். அரங்கம் அலறியதற்கு அது போதுமான காரணம். இன்று 20,000 டாலருக்குள் ஒரு புதுக் காரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். உங்கள் மேடையிலேயே தினமும் கார்களை நிறுத்துகிறீர்கள், அவற்றின் விலையைக் கேட்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. 10,000 விழும்போது இன்றும் எல்லோரும் குதிக்கிறார்கள்தான். ஆனால் அந்தப் பணம் இன்று பாதிக் கார்கூட ஆகாது.

அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1983-ன் 25,000 டாலர், 2023-ல் ஏறக்குறைய 76,000. 1998-ல் நீங்கள் உயர்த்திய 50,000 அதே 2023-ல் 93,000-க்கு மேல். அதாவது இன்றைய பிளிங்கோ, தான் பிறந்தபோது தந்ததைவிடக் குறைவாகத்தான் தருகிறது. ஓரக் குழிகளின் நிலை இன்னும் மோசம். 1983-ல் 100 டாலர் விழுந்தால் அது ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவுக்கு நன்றாகவே கைகொடுத்திருக்கும். இன்று அதே 100 விழும்போது போட்டியாளர் முகத்தைப் பாருங்கள், பூச்சியம் விழுந்த மாதிரியே இருக்கும்.

காலத்துக்கேற்ப எண்களை மாற்றுவது உங்களுக்குப் புதிதில்லை. 1972-ன் முதல் ஆட்டங்களில் ஒன்றான மளிகை ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வாங்கிய பொருட்களின் மொத்த விலை 6.75 டாலருக்கும் 7 டாலருக்கும் இடையில் வர வேண்டும். பின்னர் அந்த எல்லையை 20 டாலருக்கு மேலே கொண்டுபோனீர்கள். 7 டாலருக்குப் பல பொருட்கள் வாங்க முடியாத காலம் வந்தபோது ஆட்டமும் அதை ஏற்றுக்கொண்டது.

முதல் நாளிலேயே வந்த 'எனி நம்பர்' இன்னும் அழகான உதாரணம். காரின் விலைக்கு நான்கு இலக்கம், சின்னப் பரிசுக்கு மூன்று, உண்டியலில் இருக்கும் சில்லறைத் தொகைக்கு மூன்று, ஆக 0 முதல் 9 வரை பத்து எண்களும் ஒவ்வொரு முறை வருமாறு அமைந்த கச்சிதமான பலகை அது. கார் விலை 10,000-ஐத் தாண்டியதும் அந்தக் கணக்கு உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. ஐந்திலக்க விலையின் முதல் இலக்கத்தை இலவசமாகக் காட்டிவிட்டு, மிச்சத்தைப் பழையபடியே ஆட வைத்தீர்கள். ஆட்டத்தின் எலும்பைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

காகிதம் மூடிய ஓட்டைகளைக் குத்தும் 'பஞ்ச் எ பஞ்ச்' 1978-ல் 10,000 டாலர் உச்சப் பரிசோடு வந்தது. 2008-ல் அதை 25,000 ஆக்கினீர்கள். அதே 2008-ல் போட்டியாளர்கள் சுழற்றும் பெரிய சக்கரத்தின் போனஸையும் 5,000, 10,000 என்பதிலிருந்து 10,000, 25,000 ஆக உயர்த்தினீர்கள். 2010-ல் 'பே தி ரென்ட்' என்ற புது ஆட்டம் வந்தபோது உச்சப் பரிசே 1,00,000. இத்தனையும் செய்த நீங்கள், பார்வையாளர்கள் மிகவும் நேசிக்கும் ஆட்டத்தை மட்டும் 1998-லேயே நிறுத்தி வைத்திருப்பது நியாயமில்லை. 2013 செப்டம்பரில் பிளிங்கோவின் முப்பதாண்டைக் கொண்டாட, ஒரு நாள் நிகழ்ச்சி முழுவதும் பிளிங்கோவை மட்டுமே ஆட வைத்தவர்கள் நீங்கள். அந்த அளவு மரியாதை இந்த ஆட்டத்தின்மேல் உங்களுக்கு இருக்கிறது.

செலவு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நேர் நடுவிலிருந்து விடும் சில்லு நடுக்குழியில் விழும் வாய்ப்பு, முளைகளின் வரிசையை வைத்துக் கணக்கிட்டால், ஐந்தில் ஒன்றைவிடச் சற்றே கூடுதல். இரண்டு பூச்சியங்களில் ஒன்றில் விழும் வாய்ப்பு அதைவிட அதிகம். நடுக்குழியை இரட்டிப்பாக்கினால் ஒரு சில்லுக்குச் சராசரியாக 2,200 டாலர் போலக் கூடும். ஐந்து சில்லுகளையும் ஒருவர் வென்றாலும் கூடுதல் செலவு சராசரியாக 11,000 சொச்சம்தான், நீங்கள் கொடுக்கும் மிக மலிவான காரைவிடக் குறைவு. ஐந்தும் நடுவில் விழுவது ஆயிரத்து எழுநூறு ஆட்டங்களில் ஒரு தடவை நடந்தால் பெரிது. இரவுச் சிறப்பு நிகழ்ச்சிகளில் நடுக்குழியின் தொகையைக் கூட்டி ஆடிய அனுபவமும் உங்களிடம் இருக்கிறது.

உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2008-ல் ஒரு விளம்பரப் படப்பிடிப்புக்காக, சில்லு நடுவிலேயே விழும்படி பலகையில் தூண்டில் நரம்பு கட்டியிருந்தார்கள். அதை எடுக்க மறந்துபோய், ஒரு போட்டியாளருக்கு அடுத்தடுத்து மூன்று சில்லுகள் 10,000-ல் விழுந்தன. ஆட்டத்தை நிறுத்தி நரம்பை அகற்றினீர்கள், அந்த 30,000 டாலரையும் அவருக்கே கொடுத்தீர்கள். போட்டியாளர் கைக்குப் போன பணத்தைத் திரும்பக் கேட்காத நிகழ்ச்சி என்பதால்தான் உரிமையோடு இதைக் கேட்கிறேன்.

பிளிங்கோ அதிர்ஷ்ட ஆட்டம்தானே, விலை ஆட்டமா என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. விலை தெரிந்தவருக்குத்தான் ஐந்து வாய்ப்பு, தெரியாதவருக்கு ஒன்று. ஊரிலிருந்து எங்களோடு தங்க வந்த என் அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது, இங்கே கடையில் எது என்ன விலை என்றும் தெரியாது. ஆனாலும் காலை 11 மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால், மற்ற ஆட்டங்களுக்கு விளக்கம் கேட்பவர் பிளிங்கோவுக்கு மட்டும் கேட்க மாட்டார். பார்த்தாலே புரிகிற ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் உண்டாக்குவது லேசான காரியமல்ல.

ஆகவே பலகையின் உயரம், முளைகள், சில்லின் ஓசை, நடுக்குழிக்கு இருபுறமும் உள்ள பூச்சியங்கள் எதையும் தொட வேண்டாம். நடுவில் 20,000, ஓரங்களில் 300, 1,500, 3,000 என்று எழுதுங்கள். 2023-ல் பழைய படப்பிடிப்புத் தளமான டெலிவிஷன் சிட்டியை விட்டு கிளென்டேல் அரங்குக்கே இடம் மாறிய உங்களுக்கு இந்த எண்களை மாற்றுவது சிரமமாக இருக்காது. அடுத்த பருவத்தின் முதல் வாரத்திலேயே செய்தால் நல்லது. தொகுப்பாளர் டுரூ கேரி அந்தப் புதிய தொகையை அறிவிக்கும் நாளில் நாங்களும் பார்த்துக்கொண்டிருப்போம்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தமிழ்ப் பார்வையாளர்