எங்க பாப்பா காலைக் காப்பாத்திக் கொடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. புதுக்கோட்டை பக்கத்துல ஒரு கிராமம், லோடு ஆட்டோ ஓட்டுறேன். போன வாரம் எங்க பாப்பா முதல் தடவையா 5000 மீட்டர் ஓடுச்சு, நாலாவதா வந்துச்சு, வயசு 19. அன்னைக்கு ராத்திரியே எழுத உக்காந்தேன், அழுகை வந்துடுச்சு, இன்னைக்குத்தான் முடிஞ்சுது.

மறைக்காம சொல்லிடுறேன். பாப்பா ஏழாவது படிக்கிறப்ப எங்க 10 கிலோமீட்டர் ரோட்டு ஓட்டம் வச்சாலும் கூட்டிட்டுப் போயிடுவேன், கப்பு, குடம், ரொக்கம்னு வீட்டுக்கு வரும். நம்ம மாவட்டத்து சூர்யாங்கற பொண்ணு 2016 தெற்காசியப் போட்டியில 5000, 10,000 ரெண்டுலயும் தங்கம், அடுத்த வருஷமே லட்சுமணன்ங்கற தம்பி புவனேஸ்வர்ல ஆசிய சாம்பியன்ஷிப் 5000 மீட்டர்ல தங்கம், அதையெல்லாம் பாத்துட்டு நம்ம புள்ளையும் சட்டுனு அங்க போயிடணும்னு எனக்கு ஒரே அவசரம். ஒன்பதாவதுல கால் முன்னெலும்புல வலி வந்துச்சு. தூக்கத்துல அழும். ஸ்கேன்ல பாத்தா மயிரிழை மாதிரி விரிசல்.

கோச் சார், முதல் நன்றி உங்களுக்கு. எலும்பு கூடினதும் கூட்டிட்டு வந்தேன், "மூணு வருஷத்துக்கு ரோட்டு ரேஸ் கிடையாது, 800, 1500 மட்டும்தான்"னீங்க, நான் சண்டைக்கே வந்துட்டேன். கோவப்படாம உக்கார வச்சு சொன்னீங்க, உலகப் போட்டியிலயே 16, 17 வயசுப் புள்ளைங்கள 10,000 மீட்டர் ஓட விடமாட்டாங்க, மாரத்தானுக்கு 20 ஆகணும், கென்யாக்காரரு கிப்சோகே 18 வயசுல 2003ல உலக சாம்பியன்ஷிப் 5000 மீட்டர் ஜெயிச்சவரு, அவரே மாரத்தானுக்கு வந்தது 2013லதான், அதுல முதல் தடவை உலக சாதனை வச்சப்ப 33 வயசுன்னு. அன்னைக்குப் பாதிதான் புரிஞ்சுது.

காலையில அஞ்சரைக்கு கம்மாக்கரையில பாப்பா ஓட, நீங்க சைக்கிள்ல பக்கத்துலயே வருவீங்க. "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட, யாரு சமைச்சா, குழம்புல என்ன காய்"னு கேட்டுக்கிட்டே வருவீங்க, பதில் சொல்றப்ப மூச்சு வாங்குச்சுன்னா "நட"ன்னுடுவீங்க. இவரு என்ன கதை பேசிட்டு வர்றாருன்னு நெனச்சேன், ஈசி ரன்னுன்னா பேசிக்கிட்டே ஓடுற வேகம்தான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. தூரத்தையும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துனீங்க.

பி.டி. டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா. அந்த 40 பக்க நோட்டுல தூக்கம், வலி, பீரியட்ஸ் தேதி மூணையும் எழுத வச்சீங்க. நாலு மாசம் பீரியட்ஸ் தேதிக் கட்டம் காலியா இருந்ததைப் பாத்து நீங்கதான் கண்டுபிடிச்சீங்க, பாப்பா அவங்க அம்மாகிட்டகூட சொல்லல. ஓடுற அளவுக்குச் சாப்பாடு பத்தலன்னா அப்படி நின்னுபோகும், எலும்பும் பலவீனமாகும்னு டாக்டரம்மா சொன்னப்பதான் எங்களுக்கு உறைச்சுது. ரத்தத்துல இரும்புச்சத்தும் கம்மி. டாக்டரம்மா, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் பேசி புரிய வச்சதுக்கு நன்றிம்மா.

டீக்கடை அண்ணே, சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சரியா சேராதுன்னு ஒரே ஒரு தடவை உங்ககிட்ட சொன்னேன், அன்னையிலருந்து காலை டிபனுக்கு வந்தா பாப்பாவுக்கு டீயே கொடுக்கல, கொய்யாப்பழமும் கடலை மிட்டாயும் எடுத்து வச்சிருப்பீங்க, காசும் வாங்கல.

ஷூ கொடுத்த காலேஜ் ஹாஸ்டல் பொண்ணுங்க, கால் சரியில்லாதப்ப பரீட்சைக்குப் பைக்ல கொண்டுபோயி விட்ட மச்சான், எல்லாருக்கும் நன்றி.

வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் நம்ம வீட்டுலதான் எல்லாருக்கும் சாப்பாடு. சார், காலையில பாப்பாவுக்கு லாங் ரன் இருக்குன்னு சொல்லிட்டு வராம இருந்துடாதீங்க, முடிச்சிட்டு ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க.