ஜப்பான் போகிற பிள்ளைகளுக்குத் தமிழிலேயே ஜப்பானிய மொழியைக் கற்பியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் இப்போது மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்படுகிற ‘ஜப்பான் மாணவர் விசா’ விளம்பரங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் பத்திரிகையிலும் அவை வருகின்றன. ‘மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை’, ‘படித்துக்கொண்டே உழைக்கலாம்’ என்ற இரண்டு வசனங்களைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். முதலாவது பிழை. இரண்டாவது உண்மைதான், ஆனால் முதலாவதை நம்பிப் போகிறவருக்கு அது பலிப்பதில்லை.

நான் சைத்தாமா மாகாணத்தின் கவகுச்சி நகரத்தில் தங்கி, டோக்கியோவில் நிப்போரிப் பக்கம் ஒரு மொழிப் பாடசாலையில் படித்தேன். அதன் பிறகு தொழிற்கல்லூரி ஒன்றையும் முடித்துவிட்டு ஊருக்கு வந்தேன். இப்போது பின்னேரங்களில் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சில பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன். அண்மையில் ஒரு அம்மா வந்தார். மகனுக்காகக் காணியை ஈடு வைக்கப் போகிறாராம். “மூண்டு மாசத்தில பாஷை தன்பாட்டில வந்திடும் எண்டு அவையள் சொல்லினம். உண்மையோ பிள்ளை?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காசுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் போகிறவர், அதற்கான அனுமதியைப் பெற்றுக்கொண்டு, வாரத்துக்கு 28 மணித்தியாலம் மட்டும்தான் வேலை செய்யலாம். நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணித்தியாலம் வரை விடுவார்கள். டோக்கியோவில் குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஒக்டோபரில் மணிக்கு 1,163 யென் ஆனது. 28 மணித்தியாலத்தை நாலு வாரத்துக்குப் பெருக்கினால் சுமார் 130,000 யென். பாடசாலைக் கட்டணம் வருடத்துக்கு ஏழெட்டு இலட்சம் யென், அதாவது மாதக் கணக்கில் அறுபதாயிரம் அளவில். மிச்சத்தில் அறை வாடகை, சாப்பாடு, தொலைபேசி, மருத்துவக் காப்புறுதி எல்லாம் கட்ட வேண்டும். இதில் ஊர்க்கடனை எங்கே அடைப்பது? அடைப்பதற்காக இரண்டு இடத்தில் வேலை செய்து 28 மணித்தியாலத்தைத் தாண்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விசாவைப் புதுப்பிக்கும்போது வரிப் பத்திரத்தில் அது தெரிந்துவிடும். வகுப்புக்கு ஒழுங்காக வந்தவரா என்பதையும் அப்போது பார்ப்பார்கள். இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டுக் காலை வகுப்பில் நித்திரையானவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மொழி தெரியாதவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரவு வேலைதான். எனக்கும் முதலில் கிடைத்தது சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. பெட்டிகள் பட்டியில் ஓடி வரும். சோற்றின் நடுவில் உப்பில் ஊறிய உமெபோஷி என்ற பழம் ஒன்றை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை. நேபாளம், வியட்நாம், நாங்கள் என்று எல்லாரும் வெளிநாட்டுப் பிள்ளைகள். எத்தனை மாதம் அங்கே நின்றாலும் நாக்கில் ஒரு வசனம் ஏறாது. ஜப்பானில் இருந்தால் மொழி தானாக வரும் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைப் பார்த்ததில்லை.

ஓரளவு கதைக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு சுப்பர்மார்க்கெற்றின் மரக்கறிப் பகுதியில் வேலை கிடைத்தது. என்னுடைய உண்மையான பாடசாலை அதுதான். அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா என்னோடு வேலை செய்தார். ஓகஸ்ட் மாதம் ஓபொன் வந்தது. இறந்துபோன முன்னோர் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள் அவை. வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சிகளைக் கால்களாகக் குத்தி வைப்பார்கள். வெள்ளரிக்காய் குதிரை, கத்தரிக்காய் மாடு. முன்னோர் குதிரையில் விரைந்து வரவேண்டும், மாட்டில் ஆறுதலாகத் திரும்பவேண்டும் என்று அந்த அம்மா விளக்கினார். நான் ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடுவதையும் அப்பப்பாவுக்குப் படைப்பதையும் எனக்குத் தெரிந்த வசனங்களில் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு, இன்னும் சொல்லும்படி கேட்டார். அன்றைக்குப் பிறகு அவர் என்னை வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளையாகப் பார்க்கவில்லை. வாடகை அறை மாறும்போது எனக்காக வீட்டுக்காரரோடு பேசியதும் அவர்தான்.

சாப்பாட்டு விஷயம் எங்கள் சைவக் குடும்பங்களுக்கு முக்கியம், எல்லாத் தாய்மாரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஜப்பானிய சூப், குழம்பு, அவித்த மரக்கறி என்று பெரும்பாலானவற்றின் அடியில் தாஷி என்ற சாறு இருக்கும். அதை அநேகமாகக் கட்சுஓபுஷி என்ற காய்ந்த மீனில் எடுப்பார்கள். எங்கள் குசினிக்குப் பழக்கமான மாசிக்கருவாடும் அதுவும் ஒரே இன மீனில் செய்பவை. மரக்கறிதானே என்று நினைத்து வாங்குவதில் மச்சம் கலந்திருக்கும். நல்லூர்க் கொடியேறிய நாளிலிருந்து நான் விரதம் இருப்பேன். அந்த நாட்களில் கடையில் நின்று பொதியின் பின்பக்கத்தைக் கான்ஜி என்ற, சீனத்திலிருந்து வந்த எழுத்தில் வாசித்துத்தான் எதையும் எடுப்பேன். கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் எடுக்கிற தாஷியும் உண்டு, தேடினால் கிடைக்கும். தேடுவதற்கு வாசிக்கத் தெரிய வேண்டும்.

இப்படித்தான் எல்லாமே. விமான நிலையத்தில் தருகிற வதிவிட அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். குடியேறிய 14 நாட்களுக்குள் நகரசபையில் விலாசத்தைப் பதிய வேண்டும். படிவங்கள் ஜப்பானிய மொழியில். குப்பைகூட எரிப்பது, பிளாஸ்ரிக், போத்தல் என்று பிரித்து, அதற்குரிய நாள் காலையில்தான் வைக்கலாம். பிரிக்காமல் வைத்தால் காரணத்தை எழுதி ஒட்டி, பையை அங்கேயே விட்டுப் போவார்கள்.

ஒருநாள் கவகுச்சியிலிருந்து வருகிற ரெயில் அரகவா ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நின்றது. பெட்டியில் இருந்த எல்லாருடைய கைத்தொலைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது. நிலநடுக்கம். ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறார்கள் என்று விளங்காமல், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். தண்டவாளத்தைச் சோதிக்கிறார்கள், இறங்க வேண்டாம், சற்று நேரத்தில் புறப்படும் என்று நான் தமிழில் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவளையும் ‘மொழி தேவையில்லை’ என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

சரி, இங்கேயே படித்துவிட்டுப் போகலாமே என்றால், எங்கே? எனக்குக் கிடைத்தது கொழும்பில் ஒரு வகுப்பு. விளக்கம் சிங்களத்தில், குறிப்புகள் ஆங்கிலத்தில். சிங்களப் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே கேட்டு விளங்கிக்கொண்டு போனார்கள், அது அவர்களுக்குக் கிடைத்த நியாயமான வசதி. எங்களுக்கு மட்டும் தெரியாத ஒன்றை அரைகுறையாகத் தெரிந்த ஒன்றால் படிக்கிற நிலை. இதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைக்கு ஜப்பானிய இலக்கணம் அவ்வளவு அந்நியமானதில்லை.

‘சந்தைக்குப் போய் மீனை வாங்கி வந்தேன்’ என்பதை எடுங்கள். ஜப்பானிய மொழியில் ‘இச்சிபா-நி இத்தே சக்கனா-ஓ கத்தே கித்தா’. சந்தைக்கு, போய், மீனை, வாங்கி, வந்தேன் என்று அப்படியே அதே வரிசை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, வினை கடைசியில் வருகிறது, இடையில் வினையெச்சங்கள் கோத்துக்கொண்டு போகின்றன. ‘செய்து பார்’ என்று நாங்கள் சொல்வது போலவே அவர்களும் செய்வதோடு பார்ப்பதைச் சேர்த்துச் சொல்வார்கள். முன்கூட்டியே ‘செய்து வை’ என்பதற்கும் வைத்தல் என்ற வினையைத்தான் சேர்ப்பார்கள். இதை ஆங்கிலத்தில் விளக்கப் போனால் ஒரு பக்கம் வேண்டும். கொரே, சொரே, அரே என்ற மூன்றையும் ஆங்கிலக் குறிப்போடு படித்த பிள்ளைகள் வாரக்கணக்கில் தடுமாறினார்கள். என் விறாந்தையில் ‘இது, உது, அது’ என்று சொன்னேன், அவ்வளவுதான். கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதை ‘உது’ என்று சொல்கிற வழக்கம் எங்கள் பேச்சில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதே.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு, அவற்றையும் மறைக்கக் கூடாது. பல்கலைக்கழகத்துக்கும் படிப்பை இடையில் விடுவதற்கும் அவர்கள் சொல்லும் சொற்களில் முதல் ஒலி மட்டும்தான் வேறு. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘தைகாகு’ என்றுதான் வரும். ஆகவே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிப் பாடமாக்க வேண்டாம், முதல் வாரத்திலேயே ஹிரகனா என்ற அவர்களுடைய ஒலியெழுத்தைப் படியுங்கள் என்று என் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன். கான்ஜிக்கும் குறுக்கு வழி இல்லை. அன்றாடப் பாவனைக்கென்று ஜப்பானிய அரசு 2010இல் வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. தினமும் கொஞ்சமாக எழுதி எழுதித்தான் வரும்.

இந்தத் தொடர்பை எங்கள் மண்ணில் எடுத்துச் சொன்னவர்கள் ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள். டோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழையும் ஜப்பானிய மொழியையும் ஒப்பிட்டுப் பல வருடங்கள் ஆராய்ந்தார். அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும். பழைய ஜப்பானியக் காதற் பாடல்களைத் தமிழில் தந்தவர் மனோன்மணி அம்மையார். இரண்டு மொழிகளும் ஒரே உறவில் வந்தவை என்ற ஓனோவின் முடிவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அதை நிறுவுவது என் வேலையும் அல்ல. ஆனால் ஜனவரி 15ஆம் திகதி அவர்கள் சிவப்புப் பயறு போட்டுப் பொங்குகிற கஞ்சியை, எங்கள் தைப்பொங்கலுக்குப் பக்கத்தில் வைத்து ஓனோ பார்த்தார். அதே கஞ்சியை என் மரக்கறிப் பகுதி அம்மா ஒரு சின்னப் பாத்திரத்தில் எனக்குக் கொண்டுவந்து தந்தார். அந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு கதவைத் திறந்துவிட்டுப் போனார்கள். பின்னால் ஒரு வகுப்பறையாவது அமைந்திருக்க வேண்டாமா?

களனியிலும் சப்ரகமுவவிலும் பல்கலைக்கழக மட்டத்தில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறார்கள். உயர்தரப் பரீட்சையிலும் அது ஒரு பாடம். வடக்கில் ஒரு பாடசாலையாவது அதை எடுத்து நடத்த முன்வரட்டும். ஆசிரியர் இல்லை என்று சொல்வார்கள். ஜப்பானில் படித்துத் திரும்பிய பிள்ளைகள் இப்போது ஊர்களில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். தமிழ் வழியில் ஒரு தொடக்கப் பாடநூலும் வேண்டும். அதை ஒருவர் தனியே எழுத முடியாது, தமிழ் இலக்கணம் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் ஒரு அலுமாரியை ஒதுக்கினால், கான்ஜி அகராதியும் பரீட்சைப் பயிற்சி நூல்களும் என்னிடம் இருப்பவற்றைக் கொடுத்துவிடுவேன்.

பெற்றோருக்கு ஒன்று. விண்ணப்பத்துக்கு 150 மணித்தியாலம் படித்த சான்று அல்லது ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் ஆகக் கீழான என்5 மட்டத்துச் சித்தியை மொழிப் பாடசாலைகள் பொதுவாகக் கேட்கும். சான்றிதழை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால், நகையை அடைவு வைப்பதற்கு முன் பிள்ளையிடம் ஜப்பானிய மொழியில் தன்னை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள், வசனம் வராவிட்டால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். டிசம்பரில் கொழும்பில் நடக்கும் அதே பரீட்சையில் அடுத்த மட்டமான என்4 எடுத்துவிட்டுப் போகிற பிள்ளை, இரவுத் தொழிற்சாலையில் சிக்காமல் மனிதர்களோடு கதைக்கிற வேலைக்குப் போகலாம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. இந்த விளம்பரங்களை வாங்கும்போது, வாரத்துக்கு 28 மணித்தியாலம் என்ற கட்டுப்பாட்டையும் வருடக் கட்டணத்தையும் அதே அளவு எழுத்தில் போடும்படி கேளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், மாணவர் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கினால், தமிழ் வழியில் ஜப்பானிய மொழிப் பாடத்தை நான் சம்பளம் இல்லாமல் எழுதித் தருகிறேன். முதல் பன்னிரண்டு பாடங்கள் எழுதித் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஜப்பானில் படித்துத் திரும்பிய மாணவி,
கோண்டாவில்.